நாத்தனார் உலகம் சுத்தப் போறா

"நாப்பத்தெட்டு வயசுல வேலையை உதறிட்டு உலகம் சுத்தக் கெளம்பற பொம்பளையை நம்ம கோத்தகிரியில ஆராச்சும் பார்த்திருக்கீங்களா?"

பிலோமி கேட்டது வாசலில் நின்ற டாக்ஸி டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் புருஷன் செல்லதுரைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கிளம்புகிற நேரத்தில் தங்கச்சியிடம் பேசுகிற பேச்சா இது!

எல்சா அவருடைய ஒரே தங்கை. கட்டபெட்டு பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். இப்போது விருப்ப ஓய்வும் வாங்கியாச்சு. எஸ்டேட்டில் வேலை போனால் குவார்ட்டர்ஸும் போச்சு; அதனால் ஒரு வாரமாக அண்ணன் வீட்டில்தான் வாசம்.

ஒரு ஊரில் மூன்று மாசம், அடுத்த ஊரில் மூன்று மாசம். முதலில் வியட்நாம், அப்புறம் ஜார்ஜியா, அதுக்கப்புறம் மனசு போகிற பக்கம். சின்னதாக ஒரு அறை, கைச்சமையல், காலாற நடை. டூர் போய்விட்டுத் திரும்புகிற கதையெல்லாம் கிடையாது. இனி அப்படியேதான் வாழப்போகிறாளாம்!

"போற எடத்துல காச்சல் தலைவலின்னா உன்னை ஆரு பார்ப்பா?" பிலோமி விடுவதாக இல்லை.

"நானே பார்த்துக்குவேன் அண்ணி. இத்தனை நாளா எல்லாரையும் நான்தானே பார்த்தேன்?"

அது சத்தியமான வார்த்தை. செல்லதுரைக்குச் சுருக்கென்று தைத்தது.

முன்னாடியும் டிக்கெட் போட்டவள்தான் எல்சா. அப்பா படுக்கையில் விழுந்தார், நின்றுவிட்டாள். அப்புறம் செல்லதுரைக்கே பித்தப்பை ஆபரேஷன். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். போன வருஷம் இவர் மகள் கெஸியாவின் கல்யாணம். பத்திரிகை வைப்பதிலிருந்து பந்தி பரிமாறுகிற வரை அத்தைக்காரிதான் ஓடினாள். இந்தக் குடும்பத்தில் ஒருத்தர் தும்மினால் போதும், எல்சா பையை இறக்கி வைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடமா இந்தப் பேச்சு?

"ரெண்டு பெட்டியை மட்டும் உள்ளே வெச்சுட்டுப் போறேன் அண்ணி. அம்மா போட்டோவும் கொஞ்சம் பொடவையும்தான்."

"எங்க ஊடு என்ன குடோனா? எடுத்துட்டுப் போ. வேற எங்கயாச்சும் வெச்சுக்க."

எல்சாவின் முகம் சுண்டிப்போனது. பெட்டிகளைத் தூக்கி டாக்ஸியில் வைத்தாள்.

"ஏ பிலோமி, வாயை மூடு!" என்றார் செல்லதுரை.

எல்சா கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, அண்ணி இப்படிப் பேசற ஆளே கெடையாது. ஏதோ சங்கடத்துல இருக்காங்க. நான் வேணா ஒரு மாசம் தள்ளிப் போடட்டுமா? இல்லாட்டிப் போற வழியில கோயமுத்தூர்ல கெஸியாவை ஒரு எட்டுப் பார்த்து, என்ன ஏதுன்னு கேட்கறேன்."

பிலோமி விடுவிடுவென்று வாசலுக்கு வந்தாள்.

"உன்னை இங்க ஆரும் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கலை. ஒரு வாரம் சோறு போட்டதே பெருசு. எம்பொண்ணு ஊட்டுப் பக்கமும் போயிராதே. உன்னைப் பார்த்து அவளும் புருஷனை உட்டுட்டு ஊர் சுத்தக் கெளம்பிருவா!"

எல்சா அண்ணியையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க அண்ணி. கெஸியா ஊட்டுக்கும் போகலை. நேரா ஏர்போர்ட்தான். அண்ணா, இனி ஆரு காலைப் பிடிச்சாலும் நான் நிக்க மாட்டேன்."

டாக்ஸி கிளம்பி, வளைவு தாண்டி மறைந்தது.

செல்லதுரை பொங்கிவிட்டார். "நீயெல்லாம் ஒரு மனுஷியா? நமக்காகத் தேய்ஞ்சு போனவடி அவ! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

பிலோமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகை அடங்கியதும் போனை எடுத்தாள்.

"கெஸியா, அத்தை போயாச்சுடி. ஆமா, உன் ஊட்டுக்கு வரலை. நீ எந்திரிக்காம படுத்திரு. நாளைக்கு நான் வந்தர்றேன்."

"கெஸியாவுக்கு என்ன?" செல்லதுரை பதறினார்.

"ஏனுங்க, அவ முழுகாம இருக்கா. நீங்க அப்பிச்சி ஆகப் போறீங்க. மூணு மாசமாச்சு. கவனமா இருந்தா பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா பொறக்கற வரைக்கும் படுக்கையை உட்டு எறங்கவே கூடாதாம். நான் வேலை பார்க்கற ஸ்கூல்ல லீவு சொல்லிட்டேன். நீங்க உங்க சோத்தை நீங்களே பொங்கிக்குங்க."

அவருக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்றே தெரியவில்லை.

"பெத்த அப்பன் எங்கிட்டக்கூடச் சொல்லலையே!"

"உங்க வாயில எதுங்க நின்னுருக்கு? தங்கச்சி மூஞ்சியைப் பார்த்ததும் கொட்டியிருப்பீங்க."

"சரி, அவகிட்ட மறைச்சே. அதோட நிறுத்தியிருக்கலாமே! நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினா என்ன?"

"நல்ல வார்த்தை சொன்னா கெஸியா ஊட்டுக்குப் போவா. படுத்துக் கெடக்கறவளைப் பார்ப்பா. டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அங்கயே கஞ்சி வைக்க உக்காந்துருவா. உங்க தங்கச்சியை எனக்குத் தெரியாதா?" பிலோமி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்னை வெறுத்துட்டே போகட்டுமுங்க. இந்தத் தடவையாச்சும் அவ போகட்டும்."