கோலத்தை மிதிக்காமல்

வேன் வடலூரைத் தாண்டியதும் மலர்க்கொடி மடியிலிருந்த கோப்பையைக் காலடியில் இறக்கி வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள்.

இன்னும் பத்து நிமிடத்தில் குறிஞ்சிப்பாடி. அங்கே சிந்துஜா தன் வீட்டுக்கு இறங்கிவிடுவாள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

முன் சீட்டில் விளையாட்டு ஆசிரியர் கலியமூர்த்தி சார் இன்னும் ஓயவில்லை. கள்ளக்குறிச்சியில் வாயைத் திறந்தவர்.

"கண்ண எங்க வச்சிக்கினு ஓடுன? அவ்ளோ பெருசா சுண்ணாம்புல அம்புக்குறி போட்டிருக்கேன். ஒருத்திக்கு மட்டும் தெரியாம போயிடுமா?"

"நான்தான் சார் பாக்காம போயிட்டேன்" என்றாள் பின் சீட்டிலிருந்த சிந்துஜா. முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு.

பாவம், அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அம்புக்குறி அங்கே இல்லை. அது இந்த வேனில் மலர்க்கொடி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இருவரும் கடலூரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே விடுதி, அடுத்தடுத்த பாய். நாலு வருடமாகத் தினமும் விடியலில் கடற்கரை மணலில் ஓடுகிறவர்கள். சிந்துஜா முன்னால், மலர்க்கொடி பின்னால். ஒரு நாளும் அது மாறியதில்லை.

அன்று காலை கல்வராயன் மலைப் பள்ளத்தாக்கில் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டி. முதலில் வருகிறவளுக்கு அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கேட்டுப் பார்க்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். மலர்க்கொடிக்கு அது இல்லாவிட்டாலும் வேறு வழி உண்டு. அப்பா சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறார், எப்படியாவது படிக்க வைத்துவிடுவார். சிந்துஜாவின் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். அவளுக்கு இது ஒன்றுதான் வழி.

அது தெரிந்துதான் மலர்க்கொடி செய்தாள். அதுதான் இப்போது நெஞ்சில் உட்கார்ந்து அழுத்தியது.

முந்தின நாள் மாலை பாதைக்குக் குறி போடும் பொறுப்பேற்ற சார் கிளம்பியபோது, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவள் மலர்க்கொடி. சிந்துஜா கால் வலி என்று படுத்துவிட்டாள். ஊர்க்கோடியில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு வீட்டு வாசலில் வலப்பக்கம் காட்டி அம்பு போட்டார் சார். அந்த முனையில் ஆள் நிறுத்தவும் இல்லை. அம்பே போதும் என்றார்.

விடிந்தால் அந்த வீட்டுக்காரி வாசல் தெளிப்பாள் என்பது எட்டு ஊர் சுற்றிய அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. கூட நின்ற மலர்க்கொடிக்கும் தோன்றவில்லை. மைதானத்தில் கோடு போட்டே பழகியவர்கள்.

காலை ஏழரைக்கு அந்த வாசலில் அம்பு இல்லை. ஈரச் சாணத்தின் மேல் எட்டுப் புள்ளிக் கோலம் இருந்தது.

முப்பது அடி முன்னால் ஓடிய சிந்துஜா கோலத்தைப் பார்த்தாள். அதை மிதிக்கக் கூடாது என்று இடப்பக்கம் ஒதுங்கினாள். ஒதுங்கிய கால் அப்படியே இடப்பக்கப் பாதையில் இறங்கி, புதருக்குள் மறைந்துவிட்டது.

ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். மூச்சு இருந்தது. குரல் இருந்தது. பேரும் நாக்கு நுனியில்தான் இருந்தது.

மலர்க்கொடி வலப்பக்கம் திரும்பினாள்.

பின்னால் வந்தவர்கள் இவள் முதுகைப் பார்த்து வந்தவர்கள். தரையை யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரத்தில், கீழே பள்ளத்திலிருந்து குரல் வந்தது. "மலரு… ஏ மலரு…" மூன்று முறை. வழி கேட்கிறாள் என்று நினைத்தாள் மலர்க்கொடி. இல்லை, தான் வலப்பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டாள், நிற்கச் சொல்கிறாள் என்று பட்டது. எதுவானாலும் இனித் திரும்ப முடியாது. அன்றைக்கு ஓடியதுபோல அவள் வாழ்நாளில் ஓடியதில்லை. பயத்தில் வந்த வேகம் அது. அதற்குத்தான் கோப்பை கொடுத்தார்கள்.

எல்லோரும் ஓடி முடித்து நெடுநேரம் கழித்துச் சிந்துஜா நொண்டிக்கொண்டு வந்தாள். அப்போது சார் மலர்க்கொடியிடம்தான் கேட்டார். "குறி இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு சார்" என்றாள்.

வேன் குறிஞ்சிப்பாடியில் நின்றது. சிந்துஜா பையைத் தோளில் மாட்டி, காலைத் தாங்கித் தாங்கி இறங்கினாள். போய்விடுவாள் என்று மலர்க்கொடி மூச்சை விட்டாள்.

போகவில்லை. சுற்றி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சாருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"தப்பான வழின்னு அப்பவே தெரிஞ்சிடுச்சுடி. ஒடனே திரும்பியிருந்தா ஒன்னப் புடிச்சிருப்பேன். நீ எப்பவும் எம் பின்னாலதான வருவ? நீயும் எறங்கி எங்கியாச்சும் வுழுந்துட்டியோன்னு கீழ ஓடை வரைக்கும் கத்திக்கினே தேடுனேன். ஒனக்குக் கேக்கவே இல்லியா?"

மலர்க்கொடி கீழே பார்த்தாள். காலடியில் துண்டுக்குள் கோப்பை வேனோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"கேக்கல" என்றாள்.

"நல்லவேள" என்றாள் சிந்துஜா. "கேட்டிருந்தா நீயும் திரும்பி வந்திருப்ப."