உயிருடன் இருக்கிறாரா?

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா, வந்தவளின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வந்தவள் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தாள். தாய்சேய் நலக் கணக்கெடுப்பு. அரை மணி நேரம் ஆகும். சொல்வது எதுவும் வெளியே போகாது. விருப்பமில்லை என்றால் மறுத்துவிடலாம்.

"உள்ள வாங்க," என்றாள் வீட்டுக்காரம்மா.

அன்றைக்கு அது ஐந்தாவது வீடு. முதல் வீட்டில் பெண்டாட்டியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் புருஷன் பதில் சொன்னான். அடுத்த வீட்டில் தெருக்குழாயை எப்போது சரிசெய்வீர்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். இங்கே அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. பாயை விரித்துப் போட்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள் வீட்டுக்காரம்மா.

கூட வந்த மேற்பார்வையாளர் வெளியே படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சின்னப் பெண். எந்தெந்த வீடு என்று குலுக்கல் போட்டு எடுத்தது அவர்தான். தெரிந்தவர்கள் வீடு ஏதாவது வந்திருந்தால் மாற்றிக் கொடுக்கட்டுமா என்று காலையில் கேட்டிருந்தார். இவள் பட்டியலை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

ஒரே அறை. அடுப்பு ஒரு பக்கம், துணிக்கொடி ஒரு பக்கம். மூலையில் ஏழு வயதுப் பெண் குழந்தை குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. வந்தவள் ஒரு முறை அதைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் யார் யார்? கணவர், தான், மகள்.

பெற்ற பிள்ளைகள் எத்தனை? ஒன்றும் இல்லை.

இரண்டு பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் கேட்கவில்லை.

கடைசிப் பகுதி கூடப் பிறந்த பெண்களைப் பற்றியது. பிரசவத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று செத்தவர்களிடம் போய்க் கேட்க முடியாது. அதனால் அக்கா தங்கைகளிடம் கேட்கிறார்கள். எத்தனையோ நாடுகளில் இதே கேள்விகள்தான், அந்தந்த மொழியில். வருகிற எண்ணிக்கையை வைத்துத்தான் எந்த ஊருக்கு மருத்துவர், எந்த ஊருக்கு ரத்த வங்கி என்று முடிவாகும். ஒரு வீட்டில் எழுதுவது ஆயிரம் வீட்டுக்குச் சமம், பொய் எழுதிவிடாதீர்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

உங்களையும் சேர்த்துப் பெண்கள் எத்தனை பேர்?

மூன்று. வீட்டுக்காரம்மாதான் மூத்தவள்.

"அடுத்தவங்க உயிரோட இருக்காங்களா?"

"இல்ல."

பேனா நின்றது. பிறகு நகர்ந்து, 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டது.

'இல்லை' என்றால் மேலும் மூன்று கேள்விகள் உண்டு. ஒன்றையும் விடாமல் வாசித்தாள். இறந்தபோது கர்ப்பமாக இருந்தாரா? பிரசவத்தின்போது இறந்தாரா? பிரசவமாகி இரண்டு மாதத்துக்குள் இறந்தாரா?

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மாவே செத்துட்டா."

கடைசித் தங்கை?

அவளும் இல்லை. இருபத்து மூன்று வயது. ஏழு வருஷம் ஆகிறது. பிரசவம் ஆன அன்றைக்கே, ரத்தப்போக்கு நிற்காமல். வீட்டுக்காரம்மா முகவாயால் மூலையைக் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் இருப்பு இல்லை. கூடப் பிறந்தவர்கள் யாராவது கொடுங்கள் என்றார்கள். தன்னுடையது சேரவில்லை. நடுவில் உள்ளவளுடையது சேரும். காலையிலேயே அவள் போனுக்குச் சேதி அனுப்பியாயிற்று. அவள் வந்து நின்றது மறுநாள் மத்தியானம், எல்லாம் முடிந்த பிறகு.

"அன்னைக்கே அவளையும் தலைமுழுகிட்டேன். நீங்க செத்துட்டான்னே எழுதுங்க."

வந்தவள் படிவத்தைப் பார்த்தபடியே பேசினாள். "சில கம்பெனியில வேலைக்கு உள்ள போறப்பவே போனை வாங்கி வெச்சுக்குவாங்க. ஷிப்ட் முடிஞ்சுதான் கையில குடுப்பாங்க. அதுக்கப்புறம் பஸ் பிடிச்சு வரணும்."

"அப்படி ஒரு கேள்வி அதுல இருக்கா?"

"இல்ல."

"அம்மா, ரப்பர் எங்க?" என்றது குழந்தை. வீட்டுக்காரம்மா எழுந்து, டப்பாவில் துழாவி, எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வெளியே மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். இன்னும் ஆறு வீடு பாக்கி.

வந்தவள் நடுத் தங்கையின் வரிசைக்குத் திரும்பிப் போனாள். போட்ட குறியை ஒரே கோடாக அடித்தாள். அடித்த இடத்தில் விதிப்படி சின்னதாகக் கையெழுத்து வைத்தாள். 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டாள். வீட்டுக்காரம்மா தடுக்கவில்லை.

'ஆம்' என்றால் ஒரே கேள்விதான், வயது. அதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. தானாகவே முப்பத்தாறு என்று எழுதினாள்.

எதிரே இருந்தவள் அதைத் தலைகீழாகவே படித்தாள்.

"தப்பு," என்றாள். "போன மாசமே முப்பத்தேழு ஆயிடுச்சு, உனக்கு."