கலக்காத கபர்னே

பிரான்சின் மெதோக்கில் பிப்ரவரி மழை ஜன்னலில் வழிகிறது. மேஜையில் இரண்டு புட்டிகள், கண்ணாடிக் கோப்பைகள், ருசித்துத் துப்ப ஒரு வாளி. கபர்னே, மெர்லோ என்ற இரு திராட்சைகளின் ஒயினும் கலந்தால்தான் எங்கள் ஊர் போர்தோ ஒயின்; கபர்னேயின் துவர்ப்பை மெர்லோதான் தணிக்கும். எது எவ்வளவு என்று இன்று முடிவாக வேண்டும். முதலாளி கோந்த்ரானின் மூக்கு இப்போதே சுருங்கியிருக்கிறது. மெர்லோ விளைவது, அவர் அப்பாவின் இரண்டாம் தாரத்து மகள் மைத்தேயின் தோட்டத்தில். "என் பேர் போட்ட புட்டியில கபர்னே மட்டும்தான். மெர்லோ கண்ட களிமண்ணுலயும் முளைக்கிறது," என்கிறார். மைத்தே நிமிராமலே சொல்கிறாள்: "ரெண்டு திராட்சைக்கும் அப்பன் ஒரே பழங்கொடிதான், அண்ணா. தாய்தான் வேற. நம்மள மாதிரி." அவர் கபர்னேயை வாயில் ஊற்றுகிறார். பச்சைப் பாக்கு மென்றவர் போலக் கன்னம் ஒட்டிப்போகிறது. "என்ன கம்பீரம்," என்கிறார், நாக்கு புரளாமல். பண்ணையாட்கள் நாங்கள் சிரிப்பை மறைக்க வாளியைப் பார்க்கிறோம்.

சூப் வருகிறது. அடியில் மிஞ்சும் சூப்பில் ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது எங்கள் பழக்கம், பிரபுக்களும் விடுவதில்லை. பேச்சு மும்முரத்தில் அவர் கை தன் புட்டியைத் தாண்டி மெர்லோவுக்கு நீள்கிறது. மைத்தே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கபர்னேயை அவர் முன்னால் வைக்கிறாள். "உங்க பேர் போட்டது இதுதானே. ஊத்திக்கங்க." எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் குடித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.