ஒரு நூல் இடைவெளி

“அந்த ஆளு உங்க வாழ்க்கையையே திருப்பிப் போட்டுட்டாரே மேடம்! கோபமே வரலையா?”

இயக்குநர் இப்படிக் கேட்டதும் சிட்டு சிரித்துவிட்டார். எழுபதைத் தொட்ட வயது. ‘சிட்டு’ என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். ஆடுகளத்தில் அப்படிப் பறப்பாராம்.

“கோபம் வராம? மூணு நாள் சோறே இறங்கலை. சண்டை போடலாம்னா அழுகை நின்னாத்தானே!”

கண்டம் முழுவதற்குமான பேட்மிண்டன் கோப்பைப் போட்டி தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் வரலாற்றைப் படமாக எடுக்கத்தான் அந்த இளம் இயக்குநர் வந்திருந்தாள். இன்றைக்குக் குளிரூட்டிய அரங்கம், கண்ணைப் பறிக்கும் விளக்குகள். முதல் போட்டி நடந்ததோ ஒரு பழைய தானியக் கிடங்கில்.

“காத்து வந்தா ஷட்டில் திசை மாறிடும்னு ஜன்னலையெல்லாம் கோணி வச்சு அடைச்சுட்டாங்க. உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆனா அத்தனை நாட்டுக் கொடியையும் வரிசையா பார்த்தப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.”

“இறுதி ஆட்டம்?”

சிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மூணாவது செட்டு. அவ சர்வீஸ். இன்னும் ஒரு புள்ளி எடுத்தா கோப்பை அவளுக்கு. ரெண்டு பேரும் விடவே இல்லை. முதல்ல கத்திக்கிட்டிருந்த கூட்டம் போகப் போக அடங்கிடுச்சு. மட்டையில படுற சத்தம் மட்டும்தான் கேக்குது. அவ வலைகிட்ட வந்தா. நான் அவ தலைக்கு மேல தூக்கி விட்டேன். அவளுக்கு எட்டலை. பின்கோட்டுல போய் விழுந்துச்சு. கிடங்கே எழுந்து நின்னு கை தட்டுது…”

“கோட்டு நடுவர் ரெண்டு கையையும் விரிச்சுட்டார். அவுட்!”

“ம். பெரிய நடுவர் ரெண்டு தடவை கேட்டார். எதிர்ல ஆடினவளே, ‘உள்ளே விழுந்த மாதிரிதான் இருந்துச்சு, திரும்ப ஆடலாம்’னா. மகராசி! கூட்டத்துலேர்ந்து செருப்பு பறந்து வருது. மனுஷன் அசையலையே! வெளியேன்னா வெளியேதான்.”

“அதுலயும் நம்ம நாட்டுக்காரர்!”

“வர வேண்டியவருக்குக் காய்ச்சல். கடைசி நேரத்துல இவரைப் பிடிச்சு உட்கார வச்சாங்க.”

“அப்புறம் அவரைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். ‘உண்மையைச் சொல்லுங்க, உள்ளேதானே?’ன்னு கேட்டேன். ‘கண்ணு பார்த்துச்சு, கை சொல்லுச்சு’ன்னார். அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன். மனசு விடலை. உள்ளேதான் விழுந்துச்சுன்னு இன்னிக்கும் நம்பிக்கிட்டிருக்கேன்.”

இயக்குநர் சற்றுத் தயங்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

“வெளிநாட்டுக்காரங்க பின்கோட்டுக்கு நேரா ஒரு கேமரா வச்சிருந்திருக்காங்க. அந்தப் படச்சுருள் இப்பதான் கிடைச்சுது. சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். போடட்டுமா?”

சிட்டு தலையசைத்தார். கை சோபாவின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது.

திரையில் ஒல்லியான பெண் ஒருத்தி தரையில் கால் பாவாமல் பறந்து பறந்து அடித்துக்கொண்டிருந்தாள். “அம்மாடி, நானா அது!” என்றார் சிட்டு. இயக்குநர் பலமுறை பார்த்த காட்சிதான். ஆனாலும் அவளுக்கு மறுபடி மயிர்க்கூச்செறிந்தது.

ஷட்டில் இறங்கும் இடத்தில் படத்தை மெதுவாக ஓடவிட்டாள். வெள்ளைக் கோடு. அதையடுத்து மெல்லிய கீற்றாகத் தரை. அதற்கும் அப்பால்தான் ஷட்டில் விழுந்தது.

வெளியே. ஒரு நூல் இடைவெளி.



“இன்னிக்குக் கம்ப்யூட்டர் சொல்றதை அன்னிக்கு வெறும் கண்ணால பார்த்திருக்கார் மேடம்!” இயக்குநர் படத்தை அங்கேயே நிறுத்தினாள். “அத்தனை பேரும் அடிக்க வந்தும் மாத்திச் சொல்லலை. எப்படிப்பட்ட மனுஷன்! உயிரோட இருந்தா கால்ல விழுந்து கும்பிடுவேன். அவர் பேரைக்கூட யாரும் எழுதி வைக்கலை.”

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“என்னங்க! பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு இங்க வாங்க. நீங்க சொன்னதுதான் சரி!”

சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்த இயக்குநரிடம் மெல்லச் சொன்னார்: “யாருக்கும் தெரியாம நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்போ ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. கோப்பையோட போய் நின்னாத்தான் எங்கப்பா எங்களை ஏத்துக்குவார்னு, அன்னிக்குக் காலையில எனக்குத் தைரியம் சொல்லி அனுப்பினதே அவர்தாம்மா.”