விமானம் வந்த முகூர்த்தம்

கெட்டிமேளத்துக்கு ஐயர் விரலை உயர்த்தியதும், விமானம் வந்து சேர்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

திருவிடந்தையில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குத் தகரக் கூரை. கடல் பக்கமிருந்து வந்த சத்தம் அதன்மேல் இறங்கியது. மடியில் இருந்த குழந்தைகள் வீரிட்டதை அதுகளின் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சொல்லாமல் வந்துவிட்டது என்று குறை சொல்ல முடியாது. போர் விமானங்கள் ஒரு வாரம் கடலோரமாகப் பயிற்சி செய்யும், யாரும் பயப்பட வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்ட பிறகுதான் ஊரே பயந்தது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் பாடத்தை நிறுத்தி நிறுத்தி நடத்தினார்கள்.

மண்டபத்து மேனேஜர், மணப்பெண்ணின் அப்பா மோகனைக் கூப்பிட்டு, வேறு முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போடலாமா என்று கேட்டும் பார்த்தார். ப்ளேன் ஓட்டுகிறவனைக் கேட்டா முகூர்த்தம் குறிப்பார்கள் என்று மோகன் சிரித்துவிட்டார்.

கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறார்கள்? தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மலோ, ஒரு அமங்கலச் சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்பதற்காக. அன்றைக்கு அந்த வேலையை மேளக்காரர்களைவிட விமானம் நன்றாகவே செய்தது.

அமங்கலச் சொல்லைச் சொன்னவள் மணப்பெண்.

சிநேகாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பழி போட முடியாது. உனக்குச் சம்மதம்தானே என்று அப்பா கேட்டார். ‘தானே’ போட்டுக் கேட்டால் அது கேள்வியா, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அப்போது அவளுக்கு நிஜமாகவே சம்மதம்தான். மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணனுக்குப் புதுப்பட்டினத்தில் ஹார்டுவேர் கடை. அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாவலூரில் பார்க்கிற வேலையை விட மாட்டேன் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்று காலை, அவள் கூறைப்புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா விஜயகுமாரி பூவைச் சரிசெய்கிற சாக்கில் உள்ளே வந்தாள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடு, கடையில் உட்கார வீட்டு ஆள் வேண்டும் என்றாள். சிநேகா அறை வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

மணவறையில் உட்கார்ந்ததும் ஹரிகிருஷ்ணனிடம் மெதுவாகக் கேட்டாள். அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான்.

எத்தனையோ கம்பெனிப் படி ஏறி இறங்கி வாங்கிய வேலை. யார் கையையும் பிடிக்காமல் அவளாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அது போனால் தன்னிடம் என்ன மிச்சம் என்று நினைத்தாள்.

அவன் தாலியை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான். அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"கட்டாதீங்க."

சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை.

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். ஒரு கணம் திகைத்தான். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, கண்கூடக் கலங்கிவிட்டது. முதல் முடிச்சைப் போட்டான். அட்சதை வந்து விழுந்தது.

விமானம் மாமல்லபுரம் பக்கம் போய்த் தேய்ந்தது. பார்த்தால் மேளமும் நின்றிருந்தது. ஒருவர் வாசிப்பது ஒருவருக்குக் கேட்காமல் தாளம் பிசகி, நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிங்கய்யா என்று மோகன் தூரத்திலிருந்து கையை ஆட்டினார்.

ஹரிகிருஷ்ணன் அவள் காதருகே குனிந்தான். "நீயே கட்டுங்கன்னு சொல்லிட்ட பாரு. எனக்கு அது போதும்."

கேட்க ஆசைப்பட்டவனுக்கு அதுதானே கேட்கும். பாவம். சிநேகாவுக்கு அழுகை வந்தது. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு. மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அப்போதுதான் அது கல்யாணம். ஹரிகிருஷ்ணனின் அக்கா ரேணுகா பின்னால் மண்டியிட்டு, பூச்சடைக்கு அடியில் கயிற்றைத் தேடினாள்.

அங்கே ஒரு கை வந்து பிடரியை மூடிக்கொண்டது.

"ஆங், அப்டியே சடைய தூக்கிப் புடிச்சிக்கம்மா" என்றாள் ரேணுகா, வேலை தெரிந்த பெண் என்ற சந்தோஷத்தோடு.

கை அசையவில்லை. ரேணுகா அதை ஒதுக்கப் பார்த்தாள். அது கயிற்றோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

தவில்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். அதற்குள் சிநேகா திரும்பிவிட்டாள்.

"இது சடைய தூக்க வெச்ச கை இல்லக்கா."

சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. ஆனாலும் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.