பெட்டி ஆபீசர் கொடுத்த புகார்

1974ஆம் ஆண்டு ஒரு காலை, கடற்படையின் வெள்ளைச் சீருடையில், சட்டைக் கையில் குறுக்காக வைத்த இரு நங்கூரங்களின் முத்திரையோடு தாண்டவராயன் காவல் நிலையத்துக்குள் நுழைந்தார். ஏட்டு பக்தவச்சலம் எழுந்து சல்யூட் அடித்தார்.

"வாங்க ஆபீசர் சார், குந்துங்க."

"நேவில பெட்டி ஆபீசர்தான். சார்னு கூப்பிட வேணாம்."

"இன்னா விஷயம், சொல்லுங்க."

"நெம்மேலி குப்பத்து ஆளு ஒருத்தன அடிச்சிட்டாங்க. புகார் எழுதணும்."

ஏட்டு பேனாவைத் திறந்தார். "அடிச்சவன் எவன்? பேரச் சொல்லுங்க, இப்பவே இட்டாறேன்."

"பக்தவச்சலம். இந்த ஸ்டேஷன் ஏட்டு."

பேனா நின்றது. "நான் யார அடிச்சேன்?"

"என்னத்தான். நேத்து எங்க படகக் காணோம்னு லுங்கியோட வந்தேன். 'வெளிய போடா'ன்னு கன்னத்துல வுட்டீங்க."

தாண்டவராயன் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க. முடிக்கிற வரைக்கும் இங்கேருந்து நவுர மாட்டேன்."