கழற்றாத வாக்கி-டாக்கி

கல்குவாரியில் வெடிக்கு ஒயர் கட்டும் முன் எல்லா வாக்கி-டாக்கிகளையும் அணைத்து, பாதுகாப்பு அதிகாரி முத்தரசியின் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவற்றின் ரேடியோ அலை பட்டாலே வெடி வெடித்துவிடலாம். மேனேஜர் மட்டும் இடுப்பிலிருந்ததைக் கழற்றவில்லை.

“கல்லுடைக்கிறவன் மவ, எனக்கே பாடம் எடுக்கியோ?”

“அதுக்குத்தான் சார் படிச்சிருக்கேன். கீழ ஒயர் கட்டுற எங்கப்பா உசுரு உங்க இடுப்புல தொங்குது. கழட்டுங்க.”

அவர் அவளைத் தாண்டிப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக் கத்தினார். “ஏலே சுடலை, ஒம் மவ கெடக்கா. நீ கட்டுலே!”

முப்பது வருஷமாக அந்தக் குரலுக்கு ஓடிய அவள் அப்பா, கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

“மேடம் சொல்லட்டும் சார்” என்றவர், துண்டை உதறி விரித்துப் பாறைமேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.